த்ரீ பேஸ் மெஷின்

— கரண்டு வந்தாத்தான் ஓட்டிக் காட்ட முடியும் ரஃபீக் பாய். அதுவரைக்கும் கண்ணால பாருங்க, கையால தொட்டுப் பாருங்க. கலியமூர்த்தி கடையில பாக்கறதுக்குக் காசு கெடையாது.

— எப்ப அண்ணே வரும்?

— கடலூர்ல நின்னுக்கிட்டு கேக்குற கேள்வியா இது? சவுதியிலேருந்து வந்தவருன்னு பளிச்சுன்னு தெரியுது. வரும்போது வரும் பாய். பெரிய பாய், நீங்க ஏன் வாசப்படியிலயே நிக்கிறீங்க? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்கன்றேன்.

— இருக்கட்டுங்க. உக்காந்தா நேரம் போறது தெரியாது. மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க, இன்னொரு நாளைக்கு வருவோமே. நோம்பு வரப்போவுது. பெருநாள் முடிஞ்சதும் உங்க மூத்தவ நஜியா கல்யாணம். அதெல்லாம் நல்லபடியா முடியட்டும். மெஷினு எங்க ஓடிடப் போவுது?

— முட்லூர் வரைக்கும் ஷேர் ஆட்டோவுல இடிபட்டு, அங்கேருந்து பஸ்ல நின்னுக்கிட்டே கடலூர் ஓ.டி.க்கு வந்து எறங்கிட்டு, இன்னொரு நாளைக்கா மச்சான்?

— பொதுவா சொன்னேன்.

— நீங்க பொதுவா சொல்றதெல்லாம் சுத்தி வந்து என் தலையிலதான் உழுவுது.

— அட, ரெண்டு பேரும் உள்ள வாங்கன்றேன். வெயில் முதுக பொளக்குது. பெரிய பாய் உங்களுக்கு என்னா வேணும் பாய்?

— எங்க வூட்டுக்காரி மலிகாவோட அண்ணன். மஜீத் மச்சான். பரங்கிப்பேட்டையில ஃபேன்சி கடை வெச்சிருக்காரு. இவர கேக்காம எங்க வூட்டுல ஒரு குண்டூசி வாங்க மாட்டாங்க.

— அதான் கூட்டியாந்தீங்களா. நல்லது. பெரியவங்க ஒருத்தர் கூட இருந்தா எனக்கும் பேரம் பேச தோதா இருக்கும்.

— எனக்கு மெஷின பத்தி ஒண்ணும் தெரியாதுங்க கலியமூர்த்தி. மாப்ள கூப்புட்டாரு, வந்தேன். எந்தங்கச்சியும் கூடப் போயிட்டு வாண்ணேன்னா.

— மலிகா உங்கள அனுப்புனாளா மச்சான்?

— அனுப்பல மாப்ள. கூடப் போன்னா. ரெண்டும் ஒண்ணுதானே.

— ஒண்ணு இல்ல. சரி, உடுங்க. அண்ணே, நீங்க மெஷின சொல்லுங்க.

— மூணு மிக் வெல்டிங் மெஷின் இருக்குது பாய். இது சின்னது, கையில தூக்கிக்கிட்டு நடக்கலாம். சிங்கிள் பேஸு, வூட்டு லைன்லயே ஓடும். கேஸ் சிலிண்டரும் வேணாம், ஒயருக்குள்ளயே மருந்து இருக்குது. இது நடுத்தரம். இதுவும் வூட்டு லைனுதான், ஆனா பக்கத்துல சிலிண்டர் நிக்கணும். அந்த மூலையில சக்கரம் போட்டு நிக்குது பாருங்க, அது பெருசு. த்ரீ பேஸ், அதுக்குத் தனி லைனு வேணும். நாள் பூரா ஓட்டுனாலும் மூச்சு வாங்காது.

— அந்தப் பெருச காட்டுங்க அண்ணே.

— மாப்ள, ஒரு நிமிசம். த்ரீ பேஸுன்றாரு. நம்ம வூட்டுல சிங்கிள் பேஸுதானே? ஃப்ரிட்ஜும் மிக்சியும் சேந்து ஓடுனாலே பல்பு மினுக்குதுன்னு மலிகா சொல்லுவா.

— தெரியும் மச்சான். அந்த ஒயரிங்குக்குக் காசு அனுப்புனவன் நான்தான்.

— அப்புறம் ஏன் அதப் போயி...

— பாக்கறதுக்குக் காசு கெடையாதுன்னாரே.

— அதானே. நேத்தே சொன்னேனே பாய், இதுல பத்த வெக்கிற டார்ச்சு கேபிளு நல்ல நீளம்...

— போன்ல சொன்னீங்க அண்ணே. ஆமா.

— ஆங்... போன்லதான். போன்லதான் சொன்னேன்.

— நேத்து நீங்க கண்ணு காட்ட சிதம்பரம் போயிருந்தீங்களே மாப்ள?

— ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டுட்டு சும்மா உக்காந்திருந்தப்ப போன் பண்ணேன். கண்ணு நல்லா இருக்குதுன்னுட்டாங்க. எல்லாம் தெளிவாத் தெரியுதாம்.

— அல்ஹம்துலில்லா. எனக்கு ஒரு சந்தேகம். நம்ம ஊரு பட்டறையில எல்லாம் வெல்டிங் குச்சி வெச்சித்தானே பத்த வெக்கிறாங்க? ஒரு பொட்டி, ஒரு குச்சி, ஒரு கண்ணாடி. காலங்காலமா அதுலதான் கேட்டும் கிரில்லும் வருது. இந்த மிக்கு எதுக்கு?

— குச்சி கனமான இரும்புக்கு மச்சான். மெல்லிசு பைப்புல வெச்சா ஓட்ட உழுந்துடும். மிக்குல ஒயரு தானா வந்துக்கிட்டே இருக்கும். கூடவே கேஸு வந்து நெருப்ப சுத்தி மூடிக்கும், வெளிக்காத்து படாது. அப்புறம் உக்காந்து தட்டித்தட்டிக் கசடு எடுக்குற வேல இல்ல. தானே புயலுக்கு அப்புறம் இங்கேருந்து பண்ருட்டி, அண்ணாகிராமம் வரைக்கும் கூரை போவாத வூடு எது சொல்லுங்க? ஓடும் போச்சி, கீத்தும் போச்சி. எல்லாரும் இப்ப பைப்ப வெச்சி ஷீட்டுதான் போடுறாங்க. அந்த வேலைக்கு இதான்.

— பாய் சொல்றது கரெக்ட்டு. எங்கிட்ட பைப்பு எடுக்குறவங்க எல்லாம், கூடவே பத்த வெக்க ஆள் இருக்குதான்னு கேக்குறாங்க. சிதம்பரத்துலேருந்து வெங்கட்ராம் சார்னு ஒருத்தரு, மாடியில கூரை போடணும்னு நச்சரிக்கிறாரு. ஏன், என் கொடோனே வானத்த பாத்துக்கிட்டுத்தான் கெடக்குது. அந்தப் பின்கதவு வழியா பாருங்க பெரிய பாய். நாலு செவுரும் அப்டியே நிக்குது, தகரம் மட்டும் பறந்து போயி கெடிலம் ஆத்தாண்ட கெடந்துச்சி. முன்ன அது மரம் அறுக்குற மில்லு. லைனு கூட இன்னும்...

— அண்ணே, இந்த ஒயரு உருண்ட பெருசு புடிக்குமா இதுல?

— ஆங்? புடிக்கும் பாய். பெரிய உருண்டையே புடிக்கும்.

— இந்தச் சின்னது நல்லா இருக்குதே மாப்ள. கையில தூக்கிக்கலாம்னாரு. அடக்கமா இருக்குது. அப்புறம் வேணாம்னு தோணுனா வித்துடலாம். ஏங்க கலியமூர்த்தி, ஒரு மூணு மாசம் கழிச்சி திருப்பிக் குடுத்தா நீங்களே எடுத்துப்பீங்களா?

— வாங்குறதுக்கு முன்னாடியே திருப்பிக் குடுக்கக் கேக்குற மொத ஆளு நீங்கதான் பெரிய பாய்.

— மூணு மாசம் கழிச்சி நான் ஏன் மச்சான் திருப்பிக் குடுக்கணும்?

— பொதுவா கேட்டேன். மனுசனுக்கு நாளைக்கு என்னான்னு யாருக்குத் தெரியும்? சரி, இதச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு பாதி நேரம் கரண்டு இல்ல. கரண்டே இல்லாத ஊருல கரண்ட்டுல ஓடுற மெஷின வாங்கி என்னா செய்வீங்க?

— பாதி நேரம் இல்லன்னா பாதி நேரம் இருக்குது. இருக்கும்போது செய்வேன்.

— அது நடுச்சாமத்துல வருதே. வூட்டுக் கொல்லையில நடுச்சாமத்துல கரகரன்னு சத்தம் கேட்டா யாரு தூங்குவா?

— நான் ஒருத்தன் மட்டும் இருக்கற எடத்துல யாரு தூக்கம் கெடப் போவுது?

— இன்னா மாப்ள சொல்றீங்க?

— ஒண்ணும் இல்ல. பொதுவா சொன்னேன்.

— சரி. கேஸு வந்து காத்த மறைக்கும்னீங்க. நம்ம கொல்லையில அடிக்கிற கடல் காத்துக்கு அந்தக் கேஸு நிக்குமா?

— நிக்காது.

— பாத்தீங்களா!

— காத்து கேஸ தூக்கிட்டுப் போயிடும். பத்துன எடமெல்லாம் பொத்தப் பொத்தயா, கரையான் அரிச்சாப்புல இருக்கும். நாலு பக்கம் செவுரு இருந்தாத்தான் மிக்கு சரியா வரும்.

— அதத்தான் நானும் சொல்றேன். கொல்லையில செவுரு எங்க இருக்குது?

— தளம் இருக்குதே. போன வருசம் நான் போன்ல என்னா சொன்னேன்? இந்தத் தடவ வந்தா திரும்பிப் போவ மாட்டேன் மச்சான், கொல்லையில பட்டறைக்கு ஒரு எடம் பாருங்கன்னு சொன்னேன். வாங்க மாப்ள, தளமே போட்டு வெக்கிறோம்னு சொன்னது நீங்க. தளம் இருந்தா செவுரு எழுப்ப எவ்ளோ நேரம் ஆவும்?

— சொன்னேன். இல்லன்னு சொல்லலையே. தளம் போட்டுத்தானே இருக்குது.

— நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஜல்லி ஜாஸ்தியா போட்டு, கம்பி கட்டி, வழவழன்னு பூசி. பட்டறைக்கு அவ்ளோ அழகு வேண்டியது இல்ல. இரும்பு உழுந்து சிதையப்போற எடம்தானே.

— ஏங்க கலியமூர்த்தி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?

— அந்தக் கேன்ல இருக்குது பெரிய பாய். டம்ளரு மேலயே இருக்குது.

— ஒரு மடக்குல குடிச்சிட்டீங்களே மச்சான். இன்னும் கொஞ்சம் குடிங்க.

— போதும். மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. நாளைக்கு சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து போவாங்க. பையன் சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேல பாக்குறாரு. வர்றப்ப கொல்லையில கரியும் பொகையும் டமார் டமார்னு சத்தமும் இருந்தா அவுங்க என்னா நெனப்பாங்க?

— நஜியாவோட வாப்பாவுக்கு இதான் வேலன்னு அவுங்களுக்குத் தெரியாதா?

— தெரியும், தெரியும். கம்பெனியில சூப்பர்வைசர்னு சொல்லியிருக்குது.

— யாரு சொன்னது?

— பேச்சுவாக்குல வந்துடுச்சி. நான் கூட இல்ல, மலிகாதான்... உடுங்க, யாரு சொன்னா என்னா.

— நான் வெல்டர் மச்சான். தம்மாம் யார்டுல கப்பல் வயித்துக்குள்ள பூந்து, முட்டி போட்டுக்கிட்டு, தலைக்கு மேல கைய தூக்கிப் பத்த வெக்கிற வெல்டர். பொறி சட்டைக்குள்ள உழுந்தாலும் கைய எடுக்க முடியாது, எடுத்தா சூப்பர்வைசர் கத்துவான். அந்தக் கத்துறவன் வேலையத்தான் எனக்குக் குடுத்திருக்கீங்க. மாமா ஓட்டு வூடா குடுத்தாரு, நான் அத மாடி வூடாக்குனேன். ஒவ்வொரு செங்கல்லும் வெல்டர் காசு. அதச் சொல்ல யாருக்குக் கூச்சம்? உங்களுக்கா, உங்க தங்கச்சிக்கா?

— கூச்சம் இல்ல மாப்ள. ஊருல எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தானே சொல்றாங்க.

— நான் வேணா தெருவுல எறங்கி டீ சொல்லிட்டு வரட்டா பாய்?

— நீங்க இருங்க அண்ணே. நீங்க இருந்தாத்தான் இவரு எழுந்து போவாம இருப்பாரு. வூட்டுல வெச்சி ஒரு பேச்சு ஆரம்பிச்சா, தொழுவ நேரமாச்சின்னு துண்ட தோள்ல போட்டுக்குவாரு.

— நான் இன்னா மாப்ள மறைக்கிறேன் உங்ககிட்ட?

— வந்ததுலேருந்து பாக்குறேன். என் பெட்டி கட்டிலுக்குக் கீழ பெட்டியாவே கெடக்குது. துணிய எடுத்து பீரோவுல வெக்க எடம் இல்லன்றா மலிகா. கல்யாணத் துணி ரொம்பிடுச்சாம். காலையில குனிஞ்சி பெட்டிய இழுக்குறேன், சட்டைய எடுக்குறேன், மூடி உள்ள தள்ளுறேன். லாட்ஜுல தங்குனவன் மாதிரி. பீரோவுல ஒரு தட்டு மச்சான். எனக்குன்னு ஒரே ஒரு தட்டு ஒழிச்சிக் குடுக்க முடியல அவளுக்கு.

— கல்யாண வூடு மாப்ள. சாமான் வந்து குமியுது. அத மனசுல வெச்சிக்காதீங்க.

— சின்னவ இருக்காளே, அவளுக்கு அப்பத்தான் பேச்சு வந்திருந்துச்சி. லீவுல வந்திருக்கேன். பக்கத்து வூட்டம்மாகிட்ட என்ன காட்டி, போன்ல பேசுற வாப்பா வந்திருக்காங்கன்னா. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். இப்ப பத்தாவது படிக்கிறா. இன்னும் எங்கிட்ட ரெண்டு வார்த்தையில பேச்ச முடிச்சிக்கிறா, போன்ல காசு ஓடிக்கிட்டு இருக்கற மாதிரி. அவ பக்கத்துல ஒக்காந்து நாலு வார்த்த பேசணும்னுதான் மச்சான் நான் வந்தேன். மெஷின் ஆசையில வரல.

— அல்லா மேல ஆணையா, வூட்டுல யாரும் உங்கள கொறவா நெனக்கல.

— மரியாத குடுக்குறீங்க. அது தெரியுது. நான் உள்ள வந்தா எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க. கறியில நல்ல துண்ட எனக்கு வெக்கிறீங்க. விருந்தாளிக்கு அப்டித்தானே செய்வாங்க.

— ஏன் மாப்ள இப்டியெல்லாம்...

— எங்க உம்மா வூடு எந்தங்கச்சிக்குப் போச்சி. உம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணப்ப கூட நான் வர முடியல. அப்புறம் வந்து பாத்தா, நான் படுத்த எடத்துல அவ வூட்டுக்காரரு தையல் மெஷினு போட்டிருக்காரு. இந்த வூடு உங்க தங்கச்சிது. இப்ப நஜியாவுக்குப் போவுது. நான் ஆணி அடிச்சி ஒரு சட்டைய மாட்டணும்னா எந்த வூட்டுச் செவுத்துல அடிக்கிறது, சொல்லுங்க.

— வழக்கம் அப்டி. நானும் எம்பொண்டாட்டி வூட்டுலதான் இருக்குறேன்.

— நீங்க இருக்குறீங்க மச்சான். அதான் வித்தியாசம். தம்மாம் கேம்ப்புல பசங்க என்ன வழியனுப்ப பிரியாணி ஆக்குனானுங்க. இனிமே வரவே மாட்டேன்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, என் மாஸ்க்கையும் கையுறையையும் ஒருத்தனுக்குக் குடுத்துட்டு வந்தேன். கேரளாக்காரரு ஒருத்தரு எனக்கு முன்னாடி அப்டித்தான் போனாரு. கொஞ்ச மாசத்துலயே புது விசாவுல வந்து நின்னாரு. பழைய கட்டில்லயே வந்து படுத்தாரு. ஒருத்தரையும் நிமுந்து பாக்கல. அந்த மொகம் எனக்கு வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் பிளேன் ஏறுனேன்.

— சரி. நானும் எத்தன நாளைக்குத்தான் முழுங்கிக்கிட்டு இருக்கிறது? சொல்லிடுறேன். கலியமூர்த்தி, எங்க வூட்டுப் பேச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

— நான் யாருங்க தப்பா எடுத்துக்க? நான் பாட்டுக்கு போல்ட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன்.

— மாப்ள, பொண்ணுக்கு வூடு குடுக்கணும், மாப்புள்ளதான் பொண்ணு வூட்டோட வந்து இருப்பாரு. உங்களுக்குத் தெரியாததில்ல. மலிகாவுக்கு வாப்பா குடுத்த வூடு நஜியாவுக்குப் போவுது. அப்ப சின்னவளுக்கு? இன்னும் கொஞ்ச வருசத்துல அவளுக்கும் ஒரு வூடு நிக்கணும். மனைக்கட்டு வெல கேட்டாலே மயக்கம் வருது. கிரில்லும் கேட்டும் பத்த வெச்சி அந்த வூடு எழும்புமா? நீங்களே சொல்லுங்க.

— எழும்பாது.

— அதத்தான் மலிகாவும் சொன்னா. ஏஜெண்டுகிட்ட பேசி வெச்சிருக்கோம். அதே தம்மாம், அதே கம்பெனி. விசா வந்துடுச்சி. நீங்க மெடிக்கலுக்கு மட்டும் போயிட்டு வந்தா போதும். கல்யாணம் முடிஞ்ச கையோட கெளம்பிடலாம். உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரல. நீ பக்குவமா சொல்லுண்ணேன்னா. எனக்கு மட்டும் வாய் வருதா? மெஷினு வேணாம் வேணாம்னு சொன்னா நீங்களே புரிஞ்சிப்பீங்கன்னு பாத்தேன்.

— அப்ப அந்தத் தளம்?

— எந்தத் தளம்?

— பட்டறைக்குன்னு போட்ட தளம் மச்சான்.

— அது பட்டறைக்குப் போட்டது இல்ல. புது மாப்புள்ளைக்கும் நஜியாவுக்கும் தனி ரூம்பு. சம்பந்தி வூட்டுல கேட்டாங்க. அந்த நேரம் பாத்து நீங்க போன்ல பட்டறைன்னீங்க. இல்லன்னு சொன்னா அங்க ஒண்டியாக் கெடந்து மனசு ஒடிஞ்சிடுவீங்களேன்னு, தளத்தச் சொல்லி சமாளிச்சேன். வேற கெட்ட எண்ணம் இல்ல மாப்ள. நம்புங்க.

— கரண்டு வந்துடுச்சி பாய். ஃபேன் சுத்துது. ஓட்டிக் காட்டணுமா, இல்ல...

— நானே ஓட்டுறேன் அண்ணே. ரெண்டு துண்டு பைப்பு எடுங்க, மெல்லிசா. மாஸ்க்கு எங்க இருக்குது? சிலிண்டர தொறந்து உடுங்க. மச்சான், வெளிச்சத்தப் பாக்காதீங்க. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. உங்களுக்குப் பழக்கந்தானே.

— குத்திக் குத்திப் பேசுறீங்களே மாப்ள.

— திரும்புங்கன்றேன். கண்ணு போயிடும்.

— யப்பா! முடிஞ்சிது, இப்ப திரும்பலாம் பெரிய பாய். வந்து பாருங்க இத. எறும்பு சாரை போன மாதிரி எவ்ளோ ஒழுங்கா போயிருக்குது. நான் எத்தனையோ பேரு பத்த வெச்சி பாத்திருக்கேன் பாய். இது வேற கை.

— மெஷினும் நல்ல மெஷினு அண்ணே. இதையே எடுத்துக்கறேன்.

— மாப்ள! இவ்ளோ நேரம் நான் என்னா சொல்லிக்கிட்டு இருந்தேன்? வூட்டுல த்ரீ பேஸு இல்ல, செவுரு இல்ல, தளமும் உங்களுக்குன்னு போட்டது இல்ல. இத எங்க கொண்டுபோயி வெப்பீங்க? நானும் பாக்குறேன், இவ்ளோ பெரிய விசயத்தச் சொல்றேன், கத்துவீங்க, சட்டையப் புடிப்பீங்கன்னு பயந்துக்கிட்டே சொல்றேன், நீங்க பாட்டுக்கு பைப்ப பத்த வெக்கிறீங்க!

— தளத்து மூலையில பாத்ரூம் பைப்பு நீட்டிக்கிட்டு நிக்குது மச்சான். வாயில துணி அடச்சி, மேல ஒரு கொட்டாங்குச்சிய கவுத்து வெச்சிருக்காங்க. வந்த அன்னிக்கு சாயங்காலமே கொல்லைக்குப் போயி பாத்துட்டேன். பட்டறைக்கு எதுக்கு பாத்ரூமு?

— அன்னிக்கேவா? அப்பவே ஏன் ஒரு வார்த்த கேக்கல?

— நான் கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா? மலிகா சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். சின்னவளுக்கு வூடு வேணும், இன்னும் ஒரு தடவ போயிட்டு வாங்கன்னு அவ வாயால ஒரு வார்த்த கேட்டிருந்தா, பெட்டிதான் கட்டுனபடியே கெடக்குதே, அப்பவே தூக்கிக்கிட்டு கெளம்பியிருப்பேன். தெனமும் சோறு போடும்போது அவ மொகத்தப் பாத்தேன். குழம்பு ஊத்தட்டான்னு கேட்டா. அதத் தவிர ஒண்ணும் கேக்கல. முந்தாநேத்து வரைக்கும் காத்திருந்தேன்.

— தப்புதான். ஒத்துக்கறேன். இப்ப நான் கேக்குறேன் மாப்ள. மெஷின உடுங்க. வாங்க வூட்டுக்குப் போவோம். மலிகாவையே உங்க முன்னாடி உக்கார வெச்சிப் பேசச் சொல்றேன்.

— கலியமூர்த்தி அண்ணே, நேத்து நான் சிதம்பரம் போவல, இங்க வந்து உங்க கொடோன வாடகைக்குப் பேசி சாவி வாங்கிட்டேன், மில்லுக்கு இருந்த த்ரீ பேஸ் லைனு அங்கயே இருக்குது, கூரைய போட்டுக்கிட்டு நஜியா கல்யாணம் முடிஞ்சதும் பெட்டியோட வந்து அங்கயே படுத்துக்கப் போறேன்னு இவருகிட்ட நீங்களே கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க, இவரு போயி மலிகாகிட்ட சொல்லட்டும். எனக்கும் மொகத்தப் பாத்துச் சொல்ற பழக்கம் உட்டுப்போச்சி.